நீதிமொழிகள் வாசிச்சிட்டும் நாம பண்ற சில தப்புகள்

நீதிமொழிகள்ல பெரும்பகுதி சாலொமோன் ராஜா பேர்ல இருக்கிறது. அவர் கிபியோன்ங்கிற ஊர்ல ஆண்டவர்கிட்ட ஞானம் கேட்டார்னு சண்டே ஸ்கூல்லயே படிச்சிருப்போம். 1 இராஜாக்கள் 3:9-ல நம்ம பைபிள்ல "ஞானமுள்ள இருதயம்"னு இருக்கு, ஆனா எபிரெயுல இருக்கிறது "கேட்கிற இருதயம்". எனக்கு இது தெரிஞ்சப்புறம் நீதிமொழிகளை வாசிக்கிற விதமே மாறிப்போச்சு. ஞானின்னா கேட்கிறவன், மூடன்னா கேட்க மனசில்லாதவன்னு புரிஞ்சுது.

ஏன்னா நாம மூடன்னா படிக்காதவன், வசனம் தெரியாதவன்னு நினைச்சுக்கிறோம், முதல் தப்பே அதுதான். நாபாலைப் பாருங்க, அந்தப் பேருக்கே எபிரெயுல மூடன்னு தான் அர்த்தம், ஆனா 3000 ஆடு 1000 வெள்ளாடு வச்சிருந்த பெரிய பணக்காரன், தொழில் தெரியாதவன் இல்ல. உதவி கேட்டு வந்த தாவீதோட ஆட்களை அவன் அவமானப்படுத்தி அனுப்பிட்டான், அதுக்காக தாவீது 400 பேரோட பட்டயம் கட்டிக்கிட்டு வரப்போ ஆபத்து வருதுன்னு ஒரு வேலைக்காரனுக்குத் தெரியுது, ஆனா அவன் எஜமான்கிட்ட போகல, நாபாலோட மனைவி அபிகாயில்கிட்ட போறான், ஏன்னா அவரோட யாருமே பேச முடியாதுன்னு அவனே சொல்றான் (1 சாமுவேல் 25:17). வீட்டுல பிள்ளைங்க உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னா அம்மா வழியா தான் சொல்றாங்கன்னா கொஞ்சம் யோசிங்க அப்பாமாரே.

அடுத்தது, முழுசா கேட்காமலே பதில் சொல்றது. நீதி 18:13 இதை புத்தியீனம், வெட்கம்னு சொல்லுது. துக்க வீட்டுல போய் உக்காந்த உடனே எல்லாம் நன்மைக்கு ஏதுவா நடக்கும்னு ரோமர் 8:28 சொல்லிடுறோம், அந்த அக்கா அழுது முடிக்கக்கூட விடுறதில்ல. பிள்ளைங்க, சொத்து எல்லாத்தையும் இழந்த யோபுவோட சிநேகிதர் 7 நாள் வாயே திறக்காம தரையில உக்காந்திருந்தாங்க, அந்த 7 நாள் தான் அவங்க பண்ணதிலேயே நல்ல காரியம்.

பிள்ளையை நடக்கவேண்டிய வழியில நடத்தினா முதிர்வயசிலும் அதை விடமாட்டான்னு சொல்ற நீதி 22:6-ஐ வச்சு ஒரு தாயைக் குத்துறதும் உண்டு, "நீங்க சரியா வளர்த்திருந்தா பையன் சபையை விட்டுப் போயிருப்பானா"ன்னு. நீதிமொழி பொதுவா வாழ்க்கை எப்படி நடக்கும்னு சொல்ற வார்த்தை, வாரன்டி கார்டு கிடையாது. "நான் பிள்ளைகளை வளர்த்து ஆதரித்தேன், அவர்களோ எனக்கு விரோதமாகக் கலகம்பண்ணினார்கள்"னு கர்த்தரே சொல்றாரே (ஏசாயா 1:2), அவர் வளர்ப்பு சரியில்லன்னு யாராவது சொல்வீங்களா?

வாட்ஸப்ல வர்ற "உடனே 10 பேருக்கு அனுப்புங்க" பத்தி ஒரு வரி போதும்: "பேதையானவன் எந்த வார்த்தையையும் நம்புவான்" (நீதி 14:15).

ஆனா குடும்பத்தையே உடைக்கிறது ஜாமீன் கையெழுத்து தான். எங்க வீட்டுல நடந்தது, அதனால இதை மட்டும் விடமாட்டேன். சபையில கூட ஜெபிக்கிறவர் லோனுக்கு ஜாமீன் கேட்டார், மாட்டேன்னா அன்பில்லாதவங்கன்னு நினைப்பாரேன்னு அப்பா போட்டுக் குடுத்தார், அவர் கட்டல, கடைசில அம்மா நகையை வித்து நாங்க கட்டினோம். 1872-ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டத்துல 128-ஆம் பிரிவுப்படி, வேற மாதிரி எழுதி வாங்கலைன்னா, கடன் வாங்கினவருக்கு இருக்கிற அதே பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு, சும்மா பேருக்கு ஒரு கையெழுத்துன்னு ஒண்ணு இல்லவே இல்ல. நீதி 22:27 இதைத்தான், கட்ட ஒண்ணும் இல்லைன்னா கடன் குடுத்தவன் நீ படுத்திருக்கிற படுக்கையையே எடுத்துட்டுப் போயிடுவான்னு சொல்லுது. உதவணும்னா திரும்பி வராட்டியும் தாங்கக்கூடிய ஒரு தொகையை கையில குடுங்க.

ஏற்கனவே போட்டாச்சுன்னா நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரத்தோட முதல் 5 வசனத்தை வாசிங்க. வேடன் கையில மாட்டின குருவி மாதிரி தப்பிச்சுக்கோ, கண்ணுக்கு நித்திரை வரவிடாதேன்னு இருக்கு. அதனால கடன் வாங்கினவர் சங்கடப்படுவாரேன்னு பாக்காம நேர்ல போய்ப் பேசி, எவ்வளவு பாக்கி இருக்கு, தவணை ஒழுங்கா கட்டுறாரான்னு கேட்டு, வேற ஜாமீன்தாரரை மாத்த ஒத்துக்குவாங்களான்னு ரெண்டு பேருமா பேங்க்ல போய் விசாரிச்சிட்டு வந்துடுங்க.