வெற்றிலையோடு போகும் புகையிலையும் கணக்கில் சேரும்

"புகை பிடிப்பீர்களா?" என்று டாக்டர் கேட்டால், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெரியவர்களில் பலர் இல்லை என்று தலையாட்டுவார்கள். அதில் பொய் இல்லை. பீடி, சிகரெட்டைத் தொடாதவர்கள்தான். ஆனால் மதியச் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்ததும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு ஒரு துண்டுப் புகையிலையும் வாய்க்குள் போகும். சிலரின் வேட்டி மடிப்பில் மூக்குப்பொடி மட்டை இருக்கும். புகையிலையில் இருந்து நம்மை அடிமைப்படுத்தும் பொருளான நிக்கோட்டின் என்றாலே சிகரெட் என்று நினைத்துக்கொள்வதுதான் நம் பக்கம் பரவலாக இருக்கும் தவறு. மூக்கு, கன்னத்துச் சவ்வு, நுரையீரல் என எந்த வழியில் போனாலும், ரத்தத்தில் கலந்த பிறகு அது செய்யும் வேலை ஒன்றுதான். அட்ரினலினைச் சுரக்கவைக்கும், இதயத் துடிப்பைக் கூட்டும், ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும். இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. ஆபரேஷனுக்குப் பிறகு புண் ஆறுவதும் தாமதப்படும். அதனால் டாக்டர் கேட்காவிட்டாலும் "புகையிலை போடுவேன்", "பொடி போடுவேன்" என்று நாமே சொல்லிவிட வேண்டும்.

சுண்ணாம்பு வெறும் ருசிக்குத்தான் என்று நினைப்பது இன்னொரு தவறு. காரத்தன்மை (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) கூடக் கூட நிக்கோட்டின் வாய்ச் சவ்வைச் சுலபமாகக் கடக்கும். சுண்ணாம்பு கொடுப்பது அந்தக் காரத்தைத்தான். ஆக, சுண்ணாம்பு தடவிய வெற்றிலையோடு புகையிலை போடுகிறவருக்கு அதே துண்டிலிருந்து அதிக நிக்கோட்டின் இறங்குகிறது. சிகரெட் மாதிரி சட்டென்று ஏறாது. மெதுவாக ஏறி, வெகுநேரம் நிற்கும். நாள் முழுக்கக் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பவரின் உடம்பில் சேரும் நிக்கோட்டின், தொடர்ந்து புகை பிடிப்பவருக்குச் சேர்வதற்குக் குறைந்ததில்லை. வயலிலும் கட்டட வேலையிலும் பசியை அடக்கவென்று புகையிலை போடும் பெண்களை நினைத்தால்தான் எனக்கு மிகவும் கவலை. பசி அடங்குவது உண்மை. ஆனால் கர்ப்பமாக இருந்தால் நிக்கோட்டின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகிறது. எடை குறைந்து பிறப்பதற்கும், மாதம் முடியும் முன்பே பிறப்பதற்கும் அது ஒரு காரணம்.

"நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குத்தான்" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விசேஷ வீட்டில் தாம்பூலத் தட்டு நீட்டுவது மரியாதை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தினம் பலமுறை பாக்கு மெல்லுவது வேறு. புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் அறிவித்துவிட்டது. கன்னத்தின் உட்பக்கம் வெள்ளைத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாயை முழுதாகத் திறக்க முடியாமை, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இவற்றில் எது இருந்தாலும் பல் டாக்டரிடம் போய்க் காட்டிவிடுங்கள். பல்வலிக்குப் புகையிலையை அடக்கிக்கொண்டு தள்ளிப்போடுவது ரொம்ப ஆபத்தானது.

சரி, மூளைக்கு வருவோம். "ஒரு தம் போட்டால்தான் டென்ஷன் குறைகிறது" என்பதைக் கடைவீதியில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். குறைவது நிஜம். எந்த டென்ஷன் குறைகிறது என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. புகையை இழுத்த 10 முதல் 20 விநாடிக்குள் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. அசிட்டைல்கோலின் என்ற, நம் உடம்பே சுரக்கும் பொருளுக்கென்று அங்கே ஏற்பிகள், அதாவது அது வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள், உண்டு. நிக்கோட்டின் அதில் போய் உட்கார்ந்ததும் டோபமின் என்ற சுக உணர்வு தரும் பொருள் சுரந்து, ஒரு சுகம், ஒரு சுறுசுறுப்பு வருகிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும். அப்புறம் பிரச்சினை அங்கே ஆரம்பிக்கிறது. ரத்தத்தில் இருக்கும் நிக்கோட்டின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால், கூடுதலாக முளைத்த ஏற்பிகள் காலியாகி எரிச்சலும் தவிப்பும் தலைதூக்கும். அடுத்த சிகரெட் தணிப்பது இந்தத் தவிப்பை. கடன்காரர் கொடுத்த டென்ஷன் அப்படியே இருக்கிறது, இதயமோ முன்பைவிட வேகமாக அடிக்கிறது. காலையில் எழுந்ததும் முதல் சிகரெட் ஏன் அத்தனை ருசிக்கிறது என்றால், ராத்திரி முழுக்க மூளை பட்டினி கிடந்திருக்கிறது.

பீடி சின்னது, இலையில் சுற்றியது, அதனால் கெடுதல் குறைவு என்பதும் தவறு. அணையாமல் இருக்க அதை அடிக்கடி, அழுத்தி இழுக்க வேண்டியிருக்கிறது. 'லைட்' சிகரெட்டிலும் இதே கதைதான்: மூளை கேட்கும் அளவு கிடைக்கும்வரை ஆழமாக இழுப்பார்கள். இ-சிகரெட்டை இந்தியாவில் 2019-இலேயே தடை செய்தாகிவிட்டது. காலேஜ் பையன்கள் ஒளித்து வைத்துப் பிடிப்பதாகக் கேள்விப்பட்டால் சும்மா விடாதீர்கள். 25 வயது வாக்கில்தான் மூளை முழு வளர்ச்சியடைகிறது. அதற்கு முன் பழகினால் கவனம், நினைவு இரண்டும் பாதிக்கப்படும், பிடியும் இறுகும்.

கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள், தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடக்கும் நம் ஊர்க்காரர்கள், விரத நாளில் சிகரெட்டைத் தொடுவதில்லை. பெட்டி பெட்டியாக ஊதியவர்களும் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் மாலையைக் கழற்றிய அன்றே டீக்கடைக்குப் போய் ஒன்று பற்றவைப்பார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும், ஏனென்றால் கஷ்டமான பகுதி அதற்குள் முடிந்துபோயிருக்கும். நிறுத்திய 2, 3 நாளில் தவிப்பு உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். 41 நாள் விரதம் இருந்தவரின் உடம்பு நிக்கோட்டினைக் கேட்கவில்லை. டீ கிளாஸும் கூட நிற்கும் நண்பரும்தான் ஞாபகப்படுத்துகிறார்கள். அந்த ஒன்றை மட்டும் தாண்டிவிட்டால் போதும். "ஒன்றே ஒன்று" என்று பற்றவைத்தால் மூளை பழைய வழியைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். மாலை கழற்றியபின் சில வாரம் வேறு கடையில் டீ குடியுங்கள்.

நிறுத்தும்போது மலச்சிக்கல் வரலாம். "சிகரெட் இல்லாமல் வயிறு சுத்தமாகாது" என்று திரும்பிப் போக வேண்டாம். நிக்கோட்டின் குடலைத் தூண்டிப் பழக்கியிருந்தது, அவ்வளவுதான். தண்ணீர், கீரை, கொய்யா, காலை நடை போதும், சில வாரத்தில் சரியாகிவிடும். புகை பிடித்தவர்கள் காபியையும் பாதியாகக் குறைக்க வேண்டும். புகையில் உள்ள பொருட்கள் கஃபீனை ஈரல் சீக்கிரம் கரைக்கும்படி செய்துகொண்டிருந்தன. புகை நின்றதும் அதே டம்ளர் காபி ரத்தத்தில் அதிக நேரம் நின்று படபடப்பைத் தரும், தூக்கம் கெடும். அதை நிக்கோட்டின் தவிப்பு என்று நினைத்துப் பலர் சிகரெட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

பழக்கத்தை விட உதவும், மெடிக்கலில் கிடைக்கும் நிக்கோட்டின் சூயிங்கத்தைக் கண்டு பயப்படுவது இன்னொரு தவறு. புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் புகையின் தாரும், புகையிலையில் உள்ள நைட்ரோசமைன் என்ற நச்சுப் பொருட்களும். சூயிங்கத்தில் அவை சேர்வதில்லை. சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. மெதுவாக மென்று, நாக்கில் சுருக்கென்றதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, ருசி போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, எலுமிச்சை ஜூஸ் வேண்டாம். அவற்றில் உள்ள அமிலம் நிக்கோட்டினை உள்ளே இறங்க விடாது. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. விட நினைத்துத் தனியாகத் திண்டாடுகிறவர்களுக்கு 1800 112 356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் இருக்கிறது. அழைப்பு இலவசம். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களும் கூப்பிடலாம்.