புழு மனையில் கரி அடுப்பு: குளிர்கால இரவுகளில் செய்யக் கூடாதவை

கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளியை அதன் குளிருக்காகக் குட்டி இங்கிலாந்து என்று அழைப்பது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இனிக்கலாம். அங்கேயும் தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கங்களிலும் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு அந்தக் குளிர்தான் கார்த்திகை முதல் தை வரை பெரிய கவலை. முட்டை பொரித்து வளர்த்துத் தரும் இளம்புழு மையத்திலிருந்து இரண்டாம் தோலுரிப்பு முடிந்து, அதாவது மூன்றாம் பருவத்தில், வருகிற புழுவுக்கு 26 டிகிரி செல்சியஸ் அளவில் சூடு வேண்டும். ஒவ்வொரு தோலுரிப்புக்குப் பிறகும் அடுத்த பருவம் தொடங்கும்; நான்காம் பருவத்தில் 25, ஐந்தாம் பருவத்தில் 24 போதும். 20-க்குக் கீழே இறங்கினால் புழு உடனே சாவதில்லை. தழை தின்பதைக் குறைத்துக்கொள்கிறது, வளர்ப்பு நாட்கள் நீள்கின்றன, தழை பரப்பிய ஒரே படுக்கையில் சிறிதும் பெரிதுமாகப் புழுக்கள் கலந்து நின்று, கடைசியில் கூடும் ஒன்றுபோல் அமையாமல் அங்காடியில் விலை குறைகிறது. ஹீட்டர் வைத்திருப்பவர்களும் நள்ளிரவில் மின்சாரம் போகும் என்ற பயத்தால் கரி அடுப்பைக் கைவிடவில்லை. ஆனால் அந்த அடுப்பைக் கையாளும் விதத்தில் சில தவறுகள் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

முதல் தவறு, அடுப்பைப் புழு வளர்க்கும் மனைக்குள்ளேயே பற்றவைப்பது. கரி பிடிக்கும் வரை எழும் புகை புழுவுக்கு ஆகாது; மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் அதன் நெடி தழையிலும் ஏறும். வெளியே களத்தில் கொட்டாங்கச்சியை எரித்து, அதன் மேல் கரியை அடுக்கி, கறுப்பு எங்கும் தெரியாமல் துண்டுகள் முழுவதும் சிவந்து மேலே வெண்ணீறு படிந்த பிறகே அடுப்பை உள்ளே கொண்டுவர வேண்டும். நிலக்கரியை நினைத்தே பார்க்க வேண்டாம், அதன் கந்தகப் புகை புழுவுக்கும் கேடு, மனிதருக்கும் கேடு.

அடுத்தது, இரவு முழுவதற்கும் சேர்த்து ஒன்பது மணிக்கே அடுப்பை நிரப்பி விசிறிவிட்டுப் படுத்துக்கொள்வது. அப்படிச் செய்தால் பத்து மணிக்கு மனை கொதிக்கும், ஒரு மணிக்கு அடுப்பு அணைந்துவிடும். ஆகவே புழு முதலில் வெக்கையிலும் பிறகு குளிரிலும் மாறி மாறித் தவிக்கும். நான் முதன்முதலில் மார்கழியில் புழு வளர்த்தபோது மூட்டையின் அடியில் கிடந்த கரித்தூளையும் சலிக்காமல் அப்படியே கொட்டினேன். மூன்று மணிக்கு விழித்துப் பார்த்தபோது, ஐந்தாம் பருவப் புழு தழை தின்னும்போது தூறல் விழுவதுபோல் கேட்கும் சரசரப்பு அடங்கியிருந்தது. அடுப்பில் பாதிக்குமேல் கரி இருந்தும் தணல் இல்லை. தூள் இறங்கிச் சல்லடைத் தட்டின் ஓட்டைகளை அடைத்துவிட்டதால், காற்றுக் கிடைக்காமல் நெருப்பு செத்துப்போயிருந்தது.

ஆகையால் கரியைச் சலித்து, எலுமிச்சம்பழ அளவுக்குக் குறையாத துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கருவேலங்கரி நின்று எரியும்; மட்டென்று ஒலிப்பது ஈரக்கரி அல்லது சரியாக வேகாத கரி, அது புகையும், தெறிக்கும். கரி நன்றாகக் கனன்றதும் துண்டுகளை நெருக்கி அடுக்கி, மேலே இரண்டு விரற்கடைச் சாம்பலைப் போர்த்தி, அடுப்பின் வாயை ஓட்டுச் சில்லால் பாதி மறைத்தால் தணல் மெதுவாக, நெடுநேரம் சூடு தரும். இரண்டு அடுப்புகள் வைத்துக்கொண்டு, ஒன்று உள்ளே இருக்கும்போதே மற்றொன்றை வெளியே பற்றவைத்து மாற்றுவது இன்னும் நல்லது. நடுச்சாமத்தில் எழுந்திருப்பது சிரமந்தான். ஆனால் எரிகிற அடுப்பில் இன்னும் பற்றாத கரியை உள்ளேயே கொட்டுவதைவிட அது மேல்.

இங்கேதான் உயிருக்கே ஆபத்தான தவறு நுழைகிறது. நெருப்பு நீடிப்பதற்காகக் காற்றைக் குறைக்கும்போது கார்பன் மோனாக்சைடு கூடுதலாக உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் சேர வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது பற்றிக்கொள்கிறது. குளிருக்குப் பயந்து ஜன்னலுக்கெல்லாம் சாக்கும் பாலித்தீனும் கட்டி, அதே ஷெட்டில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி யாரும் படுக்கக் கூடாது. ஒரு பக்கம் கீழேயும் எதிர்ப்பக்கம் மேலேயும் காற்று வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். உள்ளே வேலை செய்யும்போது தலைவலியோ, குமட்டலோ, கிறுகிறுப்போ வந்தால் தூக்கக் கலக்கம் என்று எண்ணாமல் உடனே வெளியேற வேண்டும். மயங்கியவரைத் திறந்த வெளிக்குத் தூக்கிவந்து 108-ஐ அழைக்க வேண்டும்.

அடுப்பைப் படுக்கைக்கு ஒட்டி வைப்பதும் தவறு. நடைபாதையில் தள்ளி வைக்கலாம். சூடான காற்று மேலே ஏறுவதால் மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் வேறுபாடு இருக்கும். வெப்பமானியைக் கதவோரச் சுவரில் மாட்டிவிட்டு அந்தக் கணக்கை நம்பக் கூடாது, புழு இருக்கும் உயரத்தில் தொங்கவிட வேண்டும்.

சூடு ஏற ஏறக் காற்று காய்ந்து தழையும் வாடுவதால், அடுப்பின் மேல் வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைப்பது நல்ல பழக்கம். அதற்காகத் தரையிலும் சாக்கிலும் தண்ணீர் தெளித்துவிட்டு அடுப்பை அணையவிட்டால் குளிரும் ஈரமும் சேர்ந்து புழுவைத் தாக்கும் பூஞ்சை நோயான சுண்ணாம்புக்கட்டி நோய்க்கு வழிவிடும். புழு தோலுரிக்கும் நேரத்தில் படுக்கை காய்ந்திருக்க வேண்டும் என்பதால் பாத்திரத்தை இறக்கிவிட வேண்டும். கூடு கட்டுவதற்கான தட்டான சந்திரிகையில் புழுவை ஏற்றிய பிறகும் அப்படியே. கூடு கட்டும்போது 24 டிகிரியும் 60 முதல் 65 சதவீத ஈரப்பதமும் போதுமானவை, காற்றோட்டம் மட்டும் குறையக் கூடாது.

விடிந்ததும் அள்ளும் சாம்பலைச் சாக்கில் கட்டி மூலையில் வைப்பவர்கள் உண்டு. மேலே ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே கங்கு பகல்வரை கிடக்கும். இரும்புச் சட்டியில் எடுத்துப்போய், தண்ணீர் ஊற்றிக் கிளறிய பிறகே குப்பைக்குழியில் கொட்ட வேண்டும்.