‘லுக்’ எழுதுவதற்கு முன், ‘பார்’ என்ன சொல்கிறது என்று பாருங்கள்

என்னிடம் மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்ற ஒரு பெண், வேலைக்கான நேர்காணல் முடிந்து நேராக வகுப்புக்கு வந்தார். இடையில் மூன்று வருடம் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். நோயில் கிடந்த அம்மாவை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதை, ‘ஐ வாஸ் லுக்கிங் அட் மை மதர்’ என்று சொல்லியிருக்கிறார். எதிரில் இருந்தவர் சற்று நிறுத்தி, புரியாமல் மறுபடி கேட்டிருக்கிறார். இவரும் அதையே திரும்பச் சொல்லியிருக்கிறார். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று வருடம் உட்கார்ந்திருந்தேன் என்றுதான் அது ஆங்கிலத்தில் ஒலிக்கும். மருந்து கொடுத்தது, குளிப்பாட்டியது, இரவெல்லாம் விழித்திருந்தது எதுவும் அந்த வாக்கியத்தில் இல்லை. ‘அட்’ இருந்த இடத்தில் ‘ஆஃப்டர்’ வந்திருந்தால் அத்தனையும் இருந்திருக்கும்.

அன்றிலிருந்து இந்த ஒரு வினைக்கு மட்டும் ஒரு முழு வகுப்பை ஒதுக்குகிறேன்.

அவர் சொன்னது கவனக்குறைவால் வந்த பிழை அல்ல. ‘அம்மாவை நான்தான் பார்த்தேன்’ என்பது நல்ல தமிழ். கேட்பவருக்கு உடனே விளங்கும். நம்முடைய ‘பார்’ அவ்வளவு சுமையைத் தாங்கும். மூன்று வாக்கியங்களை அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள்: ‘வீடு பார்க்கிறோம்’, ‘வீட்டைப் பார்க்கிறோம்’, ‘வீட்டைப் பார்த்துக்கொள்கிறோம்’. முதலாவது, குடிபோக வீடு தேடுகிறோம் என்பது. இரண்டாவது, எதிரே நிற்கும் வீட்டின் மேல் கண் இருக்கிறது என்பது. மூன்றாவது, உரிமையாளர் இல்லாதபோது வீடு நம் பொறுப்பில் இருக்கிறது என்பது. ஓர் ‘ஐ’ உருபு வருவதும் வராததும், ஒரு ‘கொள்’ ஒட்டுவதும் ஒட்டாததும்தான் வேறுபாடு. ஆங்கிலம் இதே வேலையை ‘லுக்’ என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்கும் முன்னிடைச்சொல்லிடம் (‘ப்ரெபொசிஷன்’) கொடுத்திருக்கிறது. முதலாவது ‘லுக் ஃபார்’, இரண்டாவது ‘லுக் அட்’, மூன்றாவது ‘லுக் ஆஃப்டர்’.

ஆகவே ‘பார்’ என்று மனதில் எழுந்ததும் ‘லுக்’ என்று எழுதிவிடாதீர்கள். முதலில் அந்தப் ‘பார்’ என்ற சொல்லைத் தமிழிலேயே வேறொரு வினையாக மாற்றுங்கள். தேடுகிறேன் என்று மாறினால் ‘ஃபார்’. பராமரிக்கிறேன் என்று மாறினால் ‘ஆஃப்டர்’. விசாரிக்கிறேன், ஆராய்கிறேன் என்று மாறினால் ‘இன்டு’. புகாருக்குப் பதில் எழுதுகிறவர்களுக்கு அன்றாடம் வேண்டியது இது. பக்கங்களைப் புரட்டுகிறேன் என்றால் ‘த்ரூ’. உதவிக்கு ஒருவரை நாடுகிறேன் என்றால் ‘டு’. எந்த வினையாகவும் மாறாமல், கண்ணைத் திருப்பி நோக்குவது மட்டுமே மிஞ்சினால் ‘அட்’. ‘வேலை பார்க்கிறேன்’ என்பதை மாற்றினால் ‘உழைக்கிறேன்’ என்று வரும். அங்கே ‘லுக்’ என்ற சொல்லுக்கே இடமில்லை, ‘வொர்க்’ போதும். இந்த மாற்றத்துக்கு இரண்டு விநாடிகூட ஆகாது. பட்டியலை மனப்பாடம் செய்தவர்களைவிட, இப்படி மாற்றிப் பழகியவர்கள் குறைவாகத் தடுமாறுவதை வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி கேட்கும்போது வேறொரு சிக்கல் வருகிறது. ‘எதைப் பார்க்கிறாய்?’ என்பதில் ‘ஐ’ உருபு ‘எது’ என்பதோடு ஒட்டிக்கொண்டே வாக்கியத்தின் முன்னால் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் கேள்விச்சொல் மட்டும் முன்னால் ஓடிவிடும். முன்னிடைச்சொல் வினைக்குப் பக்கத்திலேயே, வாக்கியத்தின் கடைசியில் தனியாக நிற்கும்: ‘வாட் ஆர் யூ லுக்கிங் அட்?’ அந்தக் கடைசிச் சொல் நம் காதுக்கு உபரியாகத் தோன்றுவதால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். விட்டால் வாக்கியம் குறைபட்டுப்போகும். ‘ஃபார்’ போட்டால், எதைத் தேடுகிறாய் என்று கேள்வியே மாறிவிடும். வாக்கியத்தின் கடைசிச் சொல்லைச் சற்று அழுத்தியே சொல்லிப் பழகுங்கள். பழகும்வரை அந்த அழுத்தம் இருக்கட்டும்.

‘லுக் அப்’ மட்டும் வேறு இனம். அகராதியில் ஒரு சொல்லைத் தேடி எடுப்பதற்கு அதுதான் வரும். ஆனால் அந்த ‘அப்’ பெயரை முன்னின்று நடத்தும் முன்னிடைச்சொல் அல்ல. வினையின் துண்டு, இடம்பெயரக்கூடியது. சோதிக்க எளிய வழி உண்டு. பெயருக்குப் பதிலாக ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘லுக் இட் அப்’ சரி. ‘லுக் இட் ஃபார்’ என்று ஒருநாளும் வராது. ‘லுக் ஃபார் இட்’தான். ‘ஆஃப்டர்’, ‘இன்டு’, ‘அட்’ மூன்றும் ‘ஃபார்’ போலவே: ‘இட்’ அவற்றுக்குப் பின்னால்தான் வரும். அதே ‘அப்’, ‘டு’வோடு சேர்ந்தால் பொருள் முற்றிலும் மாறும். ‘லுக் அப் டு’ என்றால் ஒருவரை உயர்வாக மதிப்பது. நாம் அண்ணாந்து பார்ப்பது என்கிறோமே, அதே கழுத்துச் சாய்வு. ‘லுக் டௌன் ஆன்’ அதற்கு எதிர், இளக்காரமாகப் பார்ப்பது. இந்த இரண்டையும் யாருக்கும் நான் இரண்டாம் முறை விளக்க நேர்ந்ததில்லை.

கடிதத்தின் கடைசி வரியில் வரும் ‘லுக் ஃபார்வர்ட் டு’ அப்படியல்ல. ‘டு’ வந்தால் அடுத்து வெறும் வினை என்று பள்ளியில் பழகியிருப்பதால், ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று எழுதிவிடுகிறோம். ‘டு மீட்டிங் யூ’ என்பதுதான் சரி. இந்த ‘டு’ முன்னிடைச்சொல். அதற்குப் பின் பெயரோ, பெயராக மாறிய வினையோ வேண்டும். இதற்குத் தமிழே துணை நிற்கிறது. ‘உங்களைச் சந்திக்க எதிர்நோக்குகிறேன்’ என்று எழுதுவீர்களா? கை தயங்கும். ‘சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்’ என்றுதான் எழுதுவீர்கள். சந்திக்க என்பது ‘மீட்’, சந்திப்பது என்பது ‘மீட்டிங்’. ‘சந்திப்பதை’ என்று ஒருமுறை முணுமுணுத்துவிட்டு எழுதினால் ‘-இங்’ தானாக வந்து உட்காரும்.

மேலதிகாரிக்கு எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வரைவு ஒன்றை அனுப்பி, ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று கேட்க ‘லுக் ஓவர்’ பொருத்தம். அதே இரண்டு சொற்களைத் திருப்பி ஒட்டி ‘ஓவர்லுக்’ என்று எழுதினால், கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள் என்று கேட்டதாகிவிடும். அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் அந்த வரியை மட்டும் தனியாக எடுத்து வாய்விட்டு வாசியுங்கள்.