ஸ்வீப்ஸ்ரேக்ஸ் கப்பலைப் பார்க்கப் போகிறீர்களா? இந்தப் பிழைகளைத் தவிருங்கள்

கோடை வந்தால் ரொறன்ரோவிலிருந்து நம்மவர்கள் குடும்பத்தோடு கிளம்பிப் போகும் இடங்களில் ஹியூரன் ஏரிக்கரை ஊரான ரோபர்மோரியும் ஒன்று. அங்கே அடியில் கண்ணாடி வைத்த படகில் ஏறினால், பிக் ரப் துறைமுகத்தில் தாண்டுபோன ஒரு மரக்கப்பலைக் காட்டுவார்கள். சுமார் 6 மீற்றர் ஆழம்தான். 36 மீற்றர் நீளமான உடல் இன்னும் உருக்குலையாமல் கிடக்கிறது. அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், நங்கூரச் சங்கிலி இழுக்கும் உருளையைக்கூடக் காணலாம். கனடா ஒரு நாடாக உருவான அதே 1867இல், ஒன்ராறியோவின் பேர்லிங்ரனில் கட்டிய ஸ்கூனர் வகை இரட்டைப் பாய்மரக் கப்பல், ஸ்வீப்ஸ்ரேக்ஸ்.

பார்த்துவிட்டு வருபவர்கள் முதலில் சொல்வதே பிழையாக இருக்கிறது: "அந்த இடத்தில்தான் பாறையில் அடிபட்டுத் தாண்டதாம்." இல்லை. 1885 ஆகஸ்டில் நிலக்கரி ஏற்றி வந்தபோது கோவ் தீவுக்கு அருகே அது பாறையில் மோதியது. பிறகு துறைமுகத்துக்கு இழுத்து வந்தார்கள். திருத்த முடியாத சேதம்; செப்ரெம்பரில் அங்கேயே தாண்டது. இந்த வித்தியாசம் முக்கியமானது. பாறைத்திட்டில் ஏறி மாட்டிக்கொண்ட மரக்கப்பலை ஒவ்வோர் அலையும் தூக்கித் தூக்கிக் குத்தும். அடிப்பலகைகள் மூட்டு விடும், தண்ணீர் ஏறும், சரக்கின் பாரத்தில் நடுவே முறியும். மிச்சத்தைக் குளிர்காலத்து ஐஸ் அரைத்துச் சிதறடிக்கும். துறைமுகத்துக்குள் வந்து தாண்டதால்தான் இந்தக் கப்பல் நமக்கு முழுசாகக் கிடைத்தது.

"ஏரிதானே, அலை எங்கே?" என்பது அடுத்தது. ஹியூரன் ஏரியின் பரப்பு ஏறக்குறைய 59,600 சதுர கிலோமீற்றர். இலங்கையைவிடச் சற்றுத்தான் சிறியது. ஏரி அலைகள் அடுத்தடுத்து, செங்குத்தாக வரும். புயலுக்கு முதுகு காட்டி ஓடவும் கப்பலுக்கு இடம் போதாது. கொஞ்ச நேரத்தில் கரையோ பாறையோ குறுக்கே வந்துவிடும். 1913 நவம்பர் புயலில் ஹியூரன் உட்பட இங்குள்ள பேரேரிகளில் 250 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரிய உருக்குக் கப்பல்களே போயின.

வெளிச்சவீடு இல்லாத காலம் என்றும் சொல்லாதீர்கள். கோவ் தீவின் வெளிச்சவீடு 1858இலிருந்தே எரிந்தது. விளக்கு இடத்தைக் காட்டும். காற்று பக்கவாட்டில் தள்ளும் பாய்மரக் கப்பலைத் திருப்பிவிட அதனால் முடியாது.

கடைசிப் பிழைதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. 'இவ்வளவு காலம் உக்காத மரம், இனி என்ன ஆகப்போகிறது?' கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல்புழு நன்னீரில் வாழாது; குளிர்ந்த நீரில் மரம் உக்குவதும் மெதுவாகத்தான். அவ்வளவுதான் அதற்குள்ள பாதுகாப்பு. சுழியோடிகள் விடும் மூச்சுக்காற்று மேல்தளத்துக்கு அடியில் தேங்கி, பலகைகளை மேலே தள்ளும். அதனால்தான் உள்ளே நுழையத் தடை. ஒரு ஆணியைக்கூட நினைவுப்பொருளாக எடுக்கக்கூடாது. பலகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பதும் வேண்டாம். சுழியோட நினைப்பவர்கள், இந்த இடத்தைப் பராமரிக்கும் ஃபதம் ஃபைவ் தேசிய கடற்பூங்கா அலுவலகத்தில் முதலே பதிவு செய்யவேண்டும். சுற்றுலாப் படகுகளும் அதே இடத்துக்கு வருவதால், எந்த நேரத்தில் இறங்கலாம் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.