ஆஸ்திரேலியா பழைய கடை டோக்கன் சேர்க்க ஆசையா? இப்படி ஆரம்பிங்க

1850கள்ல தங்கம் தேடி மெல்போர்ன், சிட்னி பக்கம் ஜனம் குவிஞ்சப்ப கடைகள்ல சில்லறைக்கு பெரிய தட்டுப்பாடு, இங்கிலாந்துலருந்து வர்ற செப்புக்காசு பத்தவே இல்ல, அதனால கடைக்காரங்களே கடைப்பேரு, தெருப்பேரு போட்டு பென்னி, அரைப்பென்னி டோக்கன் அடிச்சு வாங்கி புழக்கத்துல விட்டாங்க. மெல்போர்ன்ல அன்னாண்ட் ஸ்மித் கம்பெனி 1849லயே விட்டாச்சு. அப்புறம் மெல்போர்ன் இருக்கிற விக்டோரியாவில 1863லயும், சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ்ல 1868லயும் டோக்கனுக்குத் தடை வந்துருச்சு.

எடுத்தவுடனே எல்லாத்தையும் வாங்காதீங்க, ஒரு ஊரையோ ஒரு தொழிலையோ பிடிச்சுக்கோங்க. நான் மெல்போர்ன் மளிகைக்கடைங்க மட்டும்தான். முதல் டோக்கனா ஹைட் அண்ட் டி கார்ல்ங்கிற மளிகைக்கடையோட பென்னி வாங்கலாம், 1857, 1858னு ரெண்டு வருஷம் இருக்கு, தேஞ்சது சுலபமா கிடைக்கும். ஒரு பக்கம் எலிசபெத் ஸ்ட்ரீட் அட்ரஸ், இன்னொரு பக்கம் தராசு பிடிச்சு நிக்கிற பொண்ணு. அந்தத் தெருவில இப்போ டிராம் ஓடுது, டோக்கனை பாக்கெட்ல போட்டுக்கிட்டு அங்க ஒரு நடை நடந்து பாருங்க, அப்புறம் விடவே மாட்டீங்க.

வாங்குறப்ப லென்ஸ் கட்டாயம். விளிம்பைச் சுத்தி ஒட்டுக்கோடு தெரிஞ்சாலோ, எழுத்து மழுங்கி மேல சின்னச்சின்ன குழி இருந்தாலோ அது வார்ப்புல செஞ்ச போலியா இருக்கலாம், வெச்சுட்டு வந்துருங்க. பென்னின்னா அகலம் சுமாரா 34 மில்லிமீட்டர். விக்கிறவங்க ஆண்ட்ரூஸ் நம்பர்னு ஒண்ணு சொல்வாங்க, அது 1921ல வந்த கேட்டலாக் நம்பர், கவர் மேல அதையும் எடையையும் வாங்குன விலையையும் அன்னைக்கே எழுதிருங்க.

கொஞ்சம் பழகினதும் அச்சை, அதாவது டோக்கன் மேல படம், எழுத்து பதிக்கிற கட்டையோட தடயத்தைப் பாக்க ஆரம்பிங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். தாமஸ் ஸ்டோக்ஸ்னு ஒருத்தர் மெல்போர்ன்லயே டோக்கன் அடிச்சார், கைவசம் இருந்த பின்பக்க அச்சை பல கடைக்கும் மாத்தி மாத்திப் போட்டிருக்கார். அச்சு விரிசல் விட்டா காசுல மேடா ஒரு கோடு விழும், ரெண்டு கடை டோக்கன்ல ஒரே கோடு, ஒண்ணுல குட்டையா இன்னொண்ணுல நீளமா இருந்தா, விரிசல் அடிக்க அடிக்க நீளும்ங்கிறதால குட்டைக் கோடுதான் முதல்ல அடிச்சதுன்னு நீங்களே சொல்லிரலாம்!

தயவுசெஞ்சு டோக்கனைத் தேய்ச்சுப் பளபளப்பாக்காதீங்க. நம்ம வீட்ல செப்புக்குடத்தைப் புளி போட்டுத் தேய்ச்சுப் பழகின கை, நானும் அப்படியே ஒண்ணைத் தேய்ச்சுட்டேன், நூத்தம்பது வருஷம் ஏறின அந்தக் கரும்பழுப்பு ரெண்டே நிமிஷத்துல போயிருச்சு, புதுப் பாத்திரம் மாதிரி சிவப்பா நின்னுச்சு, இன்னைக்கும் அதைப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கு. பழைய பிசுபிசுப்பு இருந்தா சுத்தமான அசிட்டோன்ங்கிற கரைப்பான்ல கண்ணாடிக் கிண்ணத்துல ஊற வெச்சு, துடைக்காம அப்படியே காய விடுங்க, ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோங்க, பக்கத்துல அடுப்பு எரியக் கூடாது. மெத்துன்னு இருக்கிற பிவிசி ஷீட்ல போட்டு வெச்சா பச்சை பிடிக்கும், மைலார்ங்கிற பாலியெஸ்டர் கவர்தான் சரி, டப்பாவில ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணு போட்டு அப்பப்ப மாத்துங்க.