பழைய புல்லட்டில் ஸ்பார்க் வரவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் பழைய புல்லட், யெஸ்டி வைத்திருப்பவர்கள் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. கிக்கரை உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்ததும் நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், பிளக், பாயிண்ட் (கரன்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்), கண்டென்சர் (பாயிண்ட்டில் பொறி பறக்காமல் காப்பது), காயில் (ஸ்பார்க்குக்கு வோல்ட்டை ஏற்றித் தரும் கம்பிச்சுற்று) நான்கையும் ஒரே மூச்சில் வாங்கி மாட்டிவிடுவார்கள். வண்டி கிளம்பினாலும் எது கெட்டிருந்தது என்று தெரியாது. கிளம்பாவிட்டால் பழைய கோளாறோடு புதுசாக இன்னொன்றும் சேர்ந்திருக்கும். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். கழற்றிப் போட்ட பழைய காயில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இன்று கடையில் கிடைப்பவை எல்லாம் அந்தத் தரத்தில் இல்லை. சோதித்துப் பார்க்காமல் பழைய காயிலைத் தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

பாயிண்ட் வைத்த வண்டியில் கரன்ட் போகும் பாதை ரொம்பச் சின்னது. பேட்டரியில் கிளம்பி, ஃபியூஸ், சாவி சுவிட்ச் வழியாகக் காயிலுக்கு வந்து, அங்கிருந்து பாயிண்ட்டுக்குப் போகிறது. பாயிண்ட் மூடியிருந்தால் எர்த்தில், அதாவது வண்டியின் உலோக உடலில், இறங்கும். திறக்கும் நொடியில் காயிலின் காந்தப்புலம் சரிந்து பிளக்கில் ஸ்பார்க் அடிக்கும். இந்தப் பாதையில் கரன்ட் எங்கே நிற்கிறது என்று பார்க்க, இரண்டு ஒயர் வைத்த ஒரு சின்ன பல்பு போதும். 6 வோல்ட் வண்டிக்கு 6 வோல்ட் பல்பு, 12-க்கு 12.

சாவியைப் போடுங்கள். பல்பின் ஒரு முனையை எஞ்சினில் பெயின்ட் இல்லாத இடத்தில் பிடித்து, மறுமுனையைக் காயிலின் பேட்டரி பக்கத்து டெர்மினலில் வையுங்கள். எரியவில்லையா, காயிலை விட்டுவிடுங்கள். கோளாறு சுவிட்சிலோ ஃபியூஸிலோ ஒயரிலோ இருக்கிறது. எரிந்தால், பாயிண்ட் பக்கத்து டெர்மினலுக்கு மாறி, கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் திறக்கும்போது எரிந்து, மூடும்போது அணைய வேண்டும். மூடிய பிறகும் எரிந்தால் பாயிண்ட் முகத்தில் எண்ணெயோ கரியோ இருக்கிறது, அல்லது பாயிண்ட் தட்டுக்கு எர்த் இல்லை. திறந்தும் எரியவில்லை என்றால் கண்டென்சர் ஒயரை மட்டும் கழற்றிப் பாருங்கள். இப்போது எரிந்தால் கண்டென்சர் ஷார்ட். அப்போதும் எரியாவிட்டால் காயிலிலிருந்து பாயிண்ட்டுக்குப் போகும் ஒயரையும் கழற்றுங்கள். எரிந்தால் அந்த ஒயரோ பாயிண்ட்டோ எங்கோ எர்த் ஆகிறது. எரியாவிட்டால்தான் காயிலின் உள்சுற்று அறுந்திருக்கிறது. புல்லட்டில் லைட்டை அணைத்துவிட்டு, கரன்ட் ஓட்டத்தைக் காட்டும் அம்மீட்டர் முள்ளைப் பார்த்தாலும் பாதி விஷயம் தெரிந்துவிடும். பாயிண்ட் மூடினால் முள் இடது பக்கம் சாயும், திறந்தால் நடுவுக்கு வரும்.

புது பாயிண்ட் மாட்டிய கையோடு ஸ்பார்க் போய்விட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கரன்டைக் கடத்தாத ஃபைபர் வாஷரை. ஒயரும் கண்டென்சர் முனையும் பாயிண்ட்டின் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், தட்டைத் தொடக் கூடாது. அந்தச் சின்ன வாஷர் இடம் மாறினால் போதும், பாயிண்ட் திறந்தாலும் கரன்ட் எர்த்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கழற்றும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அடுத்தது, வண்டியைப் புதுசாக்கியவர்களுக்கு வரும் கோளாறு. ஃப்ரேமைப் பவுடர் கோட்டிங் கொடுத்து, கண்ணாடி மாதிரி வாங்கி வந்து மாட்டியிருப்பார்கள். அந்தப் பூச்சு கரன்டைக் கடத்தாது. எஞ்சின் போல்ட், பேட்டரி எர்த் ஒயர் எல்லாம் பூச்சின் மேல் உட்கார்ந்தால் எர்த் எப்படிக் கிடைக்கும்? எர்த் ஒயர் உட்காரும் இடத்தில் மட்டும் சுரண்டி உலோகத்தைக் காட்டுங்கள். அதைவிட நல்லது, பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கு நேராக ஒரு தடிமனான எர்த் ஒயர் இழுத்துவிடுவது. பேட்டரி மாட்டும்போது எந்த முனை எர்த் என்பதையும் பாருங்கள். மிகப் பழைய புல்லட்டுகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு. மாற்றி மாட்டினால், ஏசி கரன்டை டிசியாக்கிப் பேட்டரிக்குத் தரும் ரெக்டிஃபயர் போய்விடும்.

"ஹாரன் நல்லா அடிக்குது, அப்போ பேட்டரி சரிதான்" என்று முடிவு கட்டுவதும் தவறு. ஹாரன் அடிப்பதால் காயிலுக்கு முழு வோல்ட் வருகிறது என்று ஆகாது. பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியிலும் காயிலின் பேட்டரி பக்கத்து டெர்மினலிலும் வோல்ட் மீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வழியில் எங்கோ திருட்டுப் போகிறது. பெரும்பாலும் தேய்ந்த சாவி சுவிட்ச், இல்லாவிட்டால் முறுக்கி டேப் சுற்றிய ஒயர். நம் ஊர் வெயிலுக்கு அந்த டேப் பசை உருகி நழுவிவிடும். சரியான கனெக்டர் போட்டு அழுத்திவிடுங்கள்.

பாயிண்ட்டை முரட்டு உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மணல் துகள் இடையில் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய அரத்தால் இழுத்து, வெள்ளைத்தாளை விட்டுத் துடைத்தால் போதும். பிறகு புல்லட்டுக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இடைவெளி வைத்து, அதற்கப்புறம்தான் டைமிங், அதாவது ஸ்பார்க் அடிக்கும் நேரம். முறை மாற்றினால் டைமிங் கெட்டுவிடும், ஏனென்றால் இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும். சாவியைப் போட்டபடி வண்டியை நிறுத்தி வைப்பதும் கூடாது. பாயிண்ட் மூடிய நிலையில் நின்றால் காயில் சூடேறி வெந்துபோகும்.

ஆயுத பூஜைக்கு வாட்டர் சர்வீஸ் விட்டு மறுநாள் கிளம்பாத வண்டிகளும் நிறைய. ஹெட்லைட்டுக்குள்ளும் பாயிண்ட் மூடிக்குள்ளும் பிளக் கேப்புக்குள்ளும் போன தண்ணீரைத் துடைத்துக் காயவிடுங்கள். எதையும் வாங்க வேண்டாம்.

ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் பாயிண்ட் கிடையாது, சிடிஐ என்ற எலக்ட்ரானிக் இக்னிஷன். ஸ்பார்க்குக்குப் பேட்டரியும் தேவையில்லை, அதனால் ஸ்பார்க் வரவில்லை என்று பேட்டரி வாங்கிப் பயனில்லை. மேலே சொன்ன பல்பு சோதனையும் அதற்குப் பொருந்தாது.

கடைசியாக, கத்திரி வெயிலில் வரும் கோளாறு. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது வண்டி நின்று, கொஞ்சம் ஆறியதும் கிளம்பினால் எல்லோரும் காயிலைத்தான் குற்றம் சொல்வார்கள். முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்றை உள்ளே இழுத்து, கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டால் அடைத்திருப்பது மூடியின் காற்றுத்துளை. கிளம்பாவிட்டால் மூடியை இறுக்கிவிட்டு, பெட்ரோல் சிந்திய இடத்தை நன்றாகத் துடைத்து, பிளக்கின் உடலை எஞ்சின் ஹெட்டில் தொடவைத்து ஸ்பார்க் பாருங்கள். வண்டி சூடாக இருக்கும்போதே பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஆறிய பின் மீட்டரில் வைத்தால் காயில் சரியாகவே காட்டும். சூட்டில் ஸ்பார்க் இல்லை, ஆறினால் வருகிறது என்றால் காயிலோ கண்டென்சரோதான். பாயிண்ட்டுக்கு இடையே பளிச்சென்று பெரிய பொறி பறந்தால் கண்டென்சரை முதலில் மாற்றுங்கள், விலையும் அதற்குத்தான் குறைவு.