மூன்று குரல்களைப் பிரித்துக் கேட்பது எப்படி? 'கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ்' ஆல்பம் வழியே ஒரு பயிற்சி

1969 மே மாதம் வெளிவந்த இந்த ஆல்பத்தில் பத்துப் பாடல்கள். கேட்டு முடிக்க ஏறக்குறைய நாற்பது நிமிடம். பேர்ட்ஸ் குழுவிலிருந்த டேவிட் கிராஸ்பி, பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் குழுவின் ஸ்டீஃபன் ஸ்டில்ஸ், இங்கிலாந்தின் ஹாலீஸ் குழுவை விட்டு வந்த கிரஹாம் நாஷ் மூவரும் லாஸ் ஏஞ்சலஸில் பதிவு செய்தார்கள். பலர் இதைப் பின்னணியில் ஓடவிட்டு, "இனிமையாக இருக்கிறது" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. ஒரே நேரத்தில் மூன்று மெட்டுகள் ஓடும் ஆல்பம் இது. ஒற்றை மெட்டையே பின்தொடர்ந்து பழகிய காதுக்குக் கொஞ்சம் பயிற்சி தேவை, அவ்வளவுதான்.

படி 1: ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் கீழ்க்குரல் அமுங்கிவிடும்.

படி 2: குரல்களைத் தனித்தனியே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். நாஷுக்கு 'மராக்கேஷ் எக்ஸ்பிரஸ்'. மொராக்கோவில் அவர் சென்ற ரயில் பயணத்தில் பிறந்த பாடல். மூவரில் உச்சக்குரல் அவருடையது. ஸ்டில்ஸுக்கு '49 பை-பைஸ்'. கிராஸ்பிக்கு 'லாங் டைம் கான்'. 1968 ஜூனில் அமெரிக்க அரசியல்வாதி ராபர்ட் கென்னடி கொல்லப்பட்ட ஆத்திரத்தில் எழுதியது. அந்தக் கோபம் அவர் தொண்டையில் கேட்கும்.

படி 3: இனி 'ஹெல்ப்லெஸ்லி ஹோப்பிங்'. இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். மூன்று நிமிடத்துக்கும் குறைவு, டிரம்ஸ் கிடையாது, கிதாரும் குரல்களும் மட்டுமே. முதல் வரியிலேயே 'ஹ' ஒலி மோனையாக அடுத்தடுத்து வருகிறது. மூவரும் அதை ஒரே மூச்சில் உச்சரிப்பதால் சொல்லின் தொடக்கத்தில் குரல்களைப் பிரிப்பது கடினம். வரியின் முடிவில் நீட்டிப் பிடிக்கும் உயிரோசையில் காதை வையுங்கள். முதல் முறை மேல்குரலோடு சேர்ந்து முணுமுணுங்கள். அடுத்த முறை கீழ்க்குரல். கடைசியாக நடுக்குரல். அது எளிதில் அகப்படாது. மேல்குரல் இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படி வழுக்கினால் பாடலை நிறுத்தி, அந்த ஒரு வரியை மட்டும் திரும்பக் கேளுங்கள்.

படி 4: 'க்வினவியர்'. கிராஸ்பி கிதாரின் வழக்கமான சுருதியை மாற்றி வைத்து வாசிக்கிறார். தாளமும் இடையிடையே மாறும். எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். கிராஸ்பி, நாஷ் இருவரின் குரல்களும் நெருங்குவதையும் விலகுவதையும் மட்டும் கவனியுங்கள்.

படி 5: இப்போது முதல் பாடலுக்கு வாருங்கள். 'ஸ்வீட்: ஜூடி ப்ளூ ஐஸ்' ஏழு நிமிடத்தைத் தாண்டும், நான்கு பகுதிகள் கொண்டது. பாடகி ஜூடி காலின்ஸைப் பிரியும் வேதனையில் ஸ்டில்ஸ் எழுதியது. கடைசிப் பகுதியில் அவர் ஸ்பானிய மொழிக்குத் தாவ, மற்றவர்கள் பொருளற்ற அசைகளைப் பாடுகிறார்கள். சொற்களின் தடை நீங்கியதும் ஹார்மனி, அதாவது வெவ்வேறு சுரங்களில் குரல்கள் இணைந்து ஒலிப்பது, வெட்டவெளிச்சமாகிவிடும்.

ஆல்பத்தை முதலிலிருந்து வரிசையாகக் கேட்பது இதற்குப் பிறகுதான். பழகிவிட்டால் 1970இல் வந்த இவர்களின் அடுத்த ஆல்பம் 'டேஜா வூ'வை எடுங்கள். அதில் நான்காவதாகப் பாடகர் நீல் யங்கும் சேர்ந்திருக்கிறார்.